வாட்ச்மேன் சாப்பிட்ட சோறு

அன்புள்ள மேனேஜருக்கு,

அப்பா உன்னைக் கூப்பிடும் பெயரை நானும் எடுத்துக்கொண்டதற்கு மன்னித்துக்கொள். அப்படியே, எழுத உட்கார்ந்ததற்கும் சேர்த்து மன்னித்துவிடு. உன் அப்பாவைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு நான் வந்து இரண்டு வருடமாகிறது, இன்றுவரை போனில் உன்னிடம் "சாப்டியா, அங்க குளிரா, இரு அப்பாகிட்ட குடுக்கறேன்" என்பதைத் தாண்டி நான் பேசியதில்லை. எனக்குப் பேச்சு வராது. பேனா கொஞ்சம் வரும். அதனால் தாளில் எழுதிப் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன், மேலே எண் போட்டிருக்கிறேன், வரிசை மாறாமல் படி. நாங்கள் இங்கே நலம் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும், ஆனால் முழு நலம் என்று எழுதக் கை வரவில்லை, முக்கால் நலம் என்று வைத்துக்கொள். நீ முழு நலமாக இருக்க வேண்டும்.

பயப்படாதே, இந்த நிமிஷம் அப்பா வீட்டில் நன்றாகத்தான் இருக்கிறார். அவர் ஓட்டும் ஃபேக்டரி பஸ் பிரேக் வேலைக்காக ஒர்க்‌ஷாப்புக்குப் போயிருக்கிறது, திங்கட்கிழமை காலையில்தான் வரும், அதுவரை அவருக்கு ஓட்டம் இல்லை. குழாயில் சொட்டுகிற தண்ணீரை நிறுத்துகிறேன் என்று நேற்று முழுக்க ஸ்பானரோடு போராடினார், இப்போது சொட்டுவதில்லை, ஒழுகுகிறது. உன் அறை ஜன்னலை நான் தினமும் திறந்து வைக்கிறேன், அலமாரியில் எதையும் இடம் மாற்றவில்லை. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவின் பூனை உன் கட்டில்தான் தனக்கு என்று முடிவு செய்துவிட்டது, விரட்டினால் வாடகைக்கு இருப்பவரை விரட்டுவதுபோல என்னைப் பார்க்கிறது. போன வாரம் வீடியோவில் நீ முடி கொட்டுகிறது என்று அப்பாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னாய், நான் பின்னால் துணி மடித்துக்கொண்டிருந்தேன், கேட்காததுபோல இருந்தேன். உன் கழுத்து எலும்பு முன்பைவிட நன்றாகத் தெரிகிறது. அதைப் பற்றி கடைசியில் எழுதுகிறேன், முதலில் அப்பா விஷயம்.

உனக்கு நினைவிருக்கும், நீ சோறு ரொட்டி எல்லாவற்றையும் நிறுத்தி உடம்பைக் குறைத்த பிறகு, அப்பாவுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாய். "அப்பா, மாவுச்சத்துதான் எமன். சோறு, ரொட்டி, பழம், உருளைக்கிழங்கு எதையும் தொடாதீங்க, முட்டையும் கீரையும் சாப்பிடுங்க, உங்க சுகர் என்ன ஆகுதுன்னு மட்டும் பாருங்க, இது மேனேஜர் ஆர்டர்" என்று சிரித்தாயே, அது. அதை அவர் என்ன செய்கிறார் தெரியுமா, தினமும் காலையில் முகம் மழிக்கும்போது கண்ணாடிக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்துப் போட்டுக் கேட்கிறார். நுரை பூசிய முகத்தோடு "சரிங்க மேனேஜர்" என்று பதிலும் சொல்கிறார். முதல் நாள் எனக்குச் சிரிப்பு வந்தது. உன் அம்மா போன பிறகு பள்ளிக்கூடப் பையை இறக்கி வைத்துவிட்டு நீதான் அடுப்பைப் பார்த்தாய், வீட்டுச் சாவி உன்னிடம்தான் இருந்தது, உன்னைக் கேட்காமல் அவர் ஒரு டம்ளர்கூட வாங்கியதில்லை என்று அவரே என்னிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். நீ ஊர் விட்டு ஊர் போன பிறகு அவர் கீழ்ப்படிவதற்குக் கிடைத்த முதல் உத்தரவு இதுதான். விடுவாரா.

உன் மேல் தப்பு என்று ஒரு வரிகூட நான் எழுத வரவில்லை. அம்மாவை இழந்த பிள்ளை அப்பாவின் சர்க்கரையைக் கண்டு பயப்படாமல் யார் பயப்படுவார்கள். அதோடு அதில் பாதி பலித்தது. நீ வாங்கி அனுப்பிய சுகர் மெஷினில் காலையில் குத்திப் பார்த்து உனக்கு அனுப்புவாரே, அந்த எண் நன்றாகத்தான் இறங்கியது, நீயும் கைதட்டும் படம் அனுப்பினாய். ஆனால் நீ பார்ப்பது காலை எண். நான் பார்ப்பது சாயங்கால மனிதரை.

நம் ஃபேக்டரி பஸ்ஸில் என் இடம் இன்னும் அதே இடதுபக்க மூன்றாவது சீட்டுதான். கல்யாணத்துக்கு முன்னால் அங்கிருந்து கண்ணாடியில் அவர் முகம் தெரியும், இப்போதும் தெரிகிறது. ஒரு மாதமாகச் சாயங்கால ஓட்டத்தில் அவர் பின்கழுத்து வியர்க்கிறது, ஜன்னலெல்லாம் திறந்திருந்தும். கியர் மாற்றும் கை லேசாக நடுங்குகிறது. யாரையும் கடிந்து பேசாத மனிதர், பேக்கிங் பெண்கள் இறங்கத் தாமதமானதும் "எறங்குறதுக்குப் பத்திரிகை வெச்சு அழைக்கணுமா?" என்று கத்தினார். எல்லாரும் சிரித்தார்கள், நான் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். மத்தியானச் சாப்பாட்டில் நான் கொஞ்சம் சோறும் பருப்பும் வைத்துத்தானே அனுப்புகிறேன், டப்பா காலியாகத்தானே வருகிறது, பிறகு ஏன் என்று குழம்பினேன். அப்போதுதான் ஒருநாள் கேட் வாட்ச்மேன் என்னை நிறுத்தி, "அண்ணி, உங்க கைப்பக்குவத்துல என் பேன்ட் பட்டன் ரெண்டு தெறிச்சுப் போச்சு, அண்ணன்கிட்ட கொஞ்சம் கம்மியா குடுத்தனுப்புங்க" என்றார். நன்றி சொல்கிறாரா புகார் சொல்கிறாரா என்று எனக்குப் புரியச் சற்று நேரமானது. நான் வைத்த சோறு முழுக்க அவரிடம் போயிருக்கிறது. அப்பா முட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு, சில நாள் அதுவும் இல்லாமல், வெறும் டீ, அதுவும் சர்க்கரை போடாமல். ஆனால் காலையும் மாலையும் சுகர் மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டுக்கொள்கிறார். கேட்டதற்கு, "ரெண்டு பக்கமும் அடிச்சாத்தானே திருடன் ஓடுவான்" என்கிறார்.

இங்கேதான் நான் வாய் திறந்திருக்க வேண்டும். நான் வேலை செய்வது பிஸ்கட்டைச் சோதிக்கும் லேபில்தான், பாக்கெட்டின் பின்னால் புரதம் இத்தனை, கொழுப்பு இத்தனை, மாவுச்சத்து இத்தனை என்று அச்சாகிறதே, அந்த எண் எங்கள் மேஜையிலிருந்துதான் போகிறது. ஆனால் என் பிறந்த வீட்டில் என்னைத் தவிர யாரும் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் இல்லை. படித்ததை வீட்டில் பேசினால் என் அப்பா தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவார், அதைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தெரிந்ததைச் சொல்வதென்றால் மேடை ஏறிவிட்டதுபோலக் கூசும். உனக்கு எழுதிவிடுகிறேன், எழுத்தில் கூச்சம் கொஞ்சம் குறைவு. உடம்புக்கு எரிபொருளாகப் போகிற சத்து முக்கியமாக மூன்று. புரதம் உடம்பைக் கட்டுவது, கொழுப்பு சேர்த்து வைப்பது, மாவுச்சத்து அன்றாடச் செலவுக்கு. ஒரு கிராம் புரதமோ மாவுச்சத்தோ நான்கு கலோரிதான் தரும், கொழுப்பு ஒன்பது தரும். மாவுச்சத்தை நாங்கள் நேராக அளப்பதுகூட இல்லை, ஈரம், சாம்பல், புரதம், கொழுப்பு எல்லாவற்றையும் அளந்து நூற்றிலிருந்து கழித்துவிட்டு மிச்சமிருப்பதை மாவுச்சத்து என்று எழுதுவோம். பாவம், பிஸ்கட்டில் பெரும்பங்கு அதுதான், ஆனால் கணக்கில் அது மிச்சம்.

அந்த மிச்சத்தையும் ஒரே ஆளாக நினைக்கக் கூடாது, அது ஒரு குடும்பம். சர்க்கரை அதில் கடைக்குட்டி, வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக ரத்தத்துக்குள் ஓடிவிடும். அரிசி, கோதுமை, கிழங்கில் இருக்கும் மாவு அந்தக் கடைக்குட்டிகளே கைகோத்து நீளமாக நிற்பது, வயிறு ஒவ்வொரு கையாகப் பிரித்து உள்ளே அனுப்பும். நார்ச்சத்து அந்த வீட்டு மாமா, வருவார், எதையும் பெரிதாகத் தராமல் போவார், ஆனால் அவர் கூடத்தில் உட்கார்ந்திருந்தால் மற்றவர்கள் ஓடாமல் நடந்து போவார்கள். அதனால்தான் வெள்ளை ரொட்டியும் பருப்பும் ஒன்றில்லை. மூளைக்குத் தினமும் வேண்டியது பெரும்பாலும் இந்தக் குடும்பம் தரும் குளுக்கோஸ்தான். கல்லீரல் கொஞ்சம் சேர்த்து வைத்திருக்கும், அது தீர்ந்தால் புரதத்தை உடைத்தும் செய்துகொள்ளும், கொழுப்பிலிருந்து மாற்று எரிபொருளும் எடுத்துக்கொள்ளும். அதனால் சோற்றை நிறுத்திய உன் உடம்பு எப்படியோ சமாளித்துக்கொண்டது. அப்பாவின் உடம்புக்கு அந்த வசதி இல்லை, ஏனென்றால் உள்ளே ஒரு மாத்திரை இருக்கிறது. அவர் போடும் மாத்திரை, சாப்பாடு வந்ததா வரவில்லையா என்று பார்க்காது. சர்க்கரையை இறக்கு என்று அதற்கு ஒரே வேலை, இறக்கிக்கொண்டே இருக்கும். வீட்டுக்குள் திருடன் இல்லாவிட்டால் வீட்டுக்காரனையே அடிக்கும்.

போன செவ்வாய்க்கிழமை அடித்தது. சாயங்கால ஓட்டத்தில் பாலம் இறங்கியதும், ஸ்டாப்பே இல்லாத இடத்தில், ஒரு மர டிப்போவின் சுவருக்கு முன்னால் பஸ்ஸை நிறுத்திக் கதவைத் திறந்துவிட்டு அப்பா காத்திருந்தார். ஏற ஆள் இல்லை, இறங்கவும் ஆள் இல்லை. பேக்கிங்கில் ஒரு அக்கா இருக்கிறார், வாய் ஓயாததால் ரேடியோ என்று பெயர், அவர்தான் "என்ன டிரைவரண்ணே, சுவர் ஏறி வரப்போகுதா? நாங்க வேணும்னா தள்ளி உக்காரட்டுமா?" என்றார். பஸ்ஸே சிரித்தது. அப்பா திரும்பவில்லை. நான் எழுந்து போய்ப் பார்த்தபோது கண் திறந்திருந்தது, ஆனால் என்னை யாரென்று தெரியாத கண். சட்டை நனைந்திருந்தது. "நெறுத்தச் சொன்னாங்கள்ல" என்று குழறினார். நான் பஸ்ஸில் இதுவரை சத்தம் போட்டுப் பேசியதில்லை, அன்று யாரிடமாவது ஜூஸ் இருக்கா என்று கத்தியது என் குரல்தானா என்று இன்னும் சந்தேகமாக இருக்கிறது. ரேடியோ அக்கா தன் பிள்ளைக்கு வாங்கிய பாட்டிலைத் தூக்கிக் கொடுத்தார். சாவியை எடுத்துவிட்டு, மடக்கு மடக்காகக் கொடுத்தேன், பிறகு கைப்பையிலிருந்த பிஸ்கட். கொஞ்ச நேரத்தில் முகம் திரும்ப அவர் முகமானது. முதலில் என்னைப் பார்த்தார், அப்புறம் கையிலிருந்த ஜூஸைப் பார்த்து, "அய்யய்யோ, இதுல சக்கரை இருக்கே" என்றார். பாதி பேர் அழுதுகொண்டே சிரித்தோம். டிப்போக்காரர் ஒருவர் பஸ்ஸை ஓரங்கட்டினார், மெக்கானிக் வந்து ஓட்டிப்போனார், ஆபீஸில் பிரேக் பிசகு என்று சொல்லிவிட்டார் அப்பா. அதனால்தான் பஸ் ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறது. பிரேக்குக்கு ஒன்றும் இல்லை, அது பஸ்ஸில் இருந்த எல்லாருக்கும் தெரியும், ஆபீஸுக்குத்தான் தெரியாது. ரேடியோ அக்காவே முதல்முறையாக ஒரு செய்தியை ஒலிபரப்பாமல் வைத்திருக்கிறார், எத்தனை நாளைக்கு என்று தெரியவில்லை.

பாலத்துக்கு மேலே அந்த மயக்கம் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இதை எழுதும் கை நின்றுவிடுகிறது. பஸ் நிறைய நாற்பது பெண்கள், ஒவ்வொருத்திக்கும் வீட்டில் யாரோ கதவைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மறுநாள் சாயங்காலம் டிவி பார்க்கும்போது விரலைக் கொடுங்கள் என்று பிடித்துக் குத்திப் பார்த்தேன், எழுபதுக்குக் கீழே போகக் கூடாத இடத்தில் ஐம்பத்தெட்டு. அவசரமாகச் சர்க்கரைத் தண்ணீர் கலந்து கொடுத்துக் குடிக்க வைத்தேன். அப்பா மெஷினைத் தட்டிப் பார்த்து "பேட்டரி வீக்கு" என்றார். சோறு சாப்பிடுங்கள் என்றால், "மேனேஜர் வேணாம்னு சொல்லியிருக்கு, நீ வேணும்ங்கற, நான் யாரு பேச்ச கேக்கறது?" என்று சிரிக்கிறார். யார் பேச்சைக் கேட்பார் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். கோபமாக எழுதவில்லை, அப்படித்தான் இருக்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றும், நேற்று வந்தவள் நான்.

அவரை இழுக்க முடியாமல் நான் மட்டும் டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தேன். அவர் திட்டவில்லை. மாவுச்சத்தைக் குறைத்தது நல்லதுதான், ஆனால் குறைக்கும்போது மாத்திரையையும் கூடவே குறைக்க வேண்டும், அதை டாக்டர்தான் செய்ய வேண்டும், நாமாகச் சோற்றையும் நிறுத்தக் கூடாது, மாத்திரையையும் நிறுத்தக் கூடாது என்றார். அப்பா வந்து காட்டும்வரை ஒவ்வொரு வேளையும் அளவாகச் சோறோ ரொட்டியோ பருப்போ கட்டாயம், வண்டி ஓட்டவே கூடாது. மாத்திரையை மாற்றிச் சரியான பிறகு ஓட்டலாம், அப்போதும் சாவியைத் தொடும் முன் ஒரு முறை குத்திப் பார்த்துவிட்டு. "அவரு வராம நான் எப்படிம்மா மாத்தி எழுதறது?" என்று கேட்டார். அப்பா வராததற்குக் காரணம் எனக்குத் தெரியும், டாக்டர் ஏதாவது எழுதிக் கொடுத்தால் ஆபீஸில் சாவியை வாங்கிக்கொள்வார்கள் என்ற பயம். அதையும் டாக்டரம்மாவிடம் கேட்டேன், வெட்கத்தை விட்டு. "சரி பண்ணிட்டு ஓட்டினா யாரும் வாங்க மாட்டாங்க. இப்படியே ஓட்டினா ரோடு வாங்கிக்கும்" என்றார். அந்த வாக்கியத்தை நான் அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

உன்னிடம் போனில் சொல்லவே கூடாது என்று அப்பா என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறார், பிள்ளை அங்கே தனியாக உட்கார்ந்து அழும், தன்னால்தான் என்று நினைத்துக்கொள்ளும் என்று. நானும் போனில் சொல்லவில்லை. கடிதத்தைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. நீ அழுதாலும் கொஞ்ச நேரம்தான் அழ வேண்டும், ஏனென்றால் நீ சொன்னது பாசத்தில் சொன்னது, அவர் கேட்டதும் பாசத்தில் கேட்டது, நடுவில் மாத்திரை ஒன்று இருப்பதை இரண்டு பேரும் மறந்துவிட்டீர்கள், அவ்வளவுதான். நான் ஒன்று மட்டும் முடிவு செய்திருக்கிறேன். திங்கட்கிழமை காலை டாக்டரைப் பார்க்காமல் அவர் அந்தச் சீட்டில் ஏறினால், பஸ் கிளம்பும் முன்னால் ஆபீஸுக்குப் போய் உண்மையைச் சொல்லிவிடுவேன். அதற்குப் பிறகு அவர் என் முகத்தைப் பார்ப்பாரா என்று தெரியாது. அதை நினைத்துத்தான் மூன்று நாளாக எனக்கும் சோறு இறங்கவில்லை, பஸ் ஓடியிருந்தால் வாட்ச்மேனுக்கு இரண்டு டப்பா கிடைத்திருக்கும்.

இப்போது உன் கழுத்து எலும்பு. எமன் என்று நீ சொன்ன அந்தக் குடும்பத்தை முழுக்க வெளியே தள்ளாதே, கடைக்குட்டியைக் குறைத்துக்கொள், மற்றவர்களைத் தட்டில் ஓர் ஓரமாவது உட்கார வை. முடி கொட்டுவதற்கும் களைப்புக்கும் நூறு காரணம் இருக்கலாம், நான் லேப் பெண்தான், டாக்டர் இல்லை, அங்கே ஒருவரைப் பார். மாதாமாதம் வர வேண்டியது ஒழுங்காக வருகிறதா என்று கேட்க ஆசை, கேட்கலாமா என்று தெரியவில்லை, கேட்டுவிட்டேன். நீ எங்கே இருந்தாலும் நல்ல பசியும் நல்ல தூக்கமும் உன்னோடு இருக்கட்டும், உன் அம்மா எங்கிருந்து பார்த்தாலும் உன்னைப் பார்த்துச் சிரிக்கும்படி இரு. குளிருக்குக் காலுறை போட்டுத் தூங்கு, ஈரத் தலையோடு வெளியே போகாதே.

கடைசியாக ஒன்று, முதல் பக்கத்திலேயே எழுத வேண்டியது, எழுதி எழுதி இங்கே தள்ளிவிட்டேன். இன்றைக்கோ நாளைக்கோ அப்பாவுக்குப் புதிதாக ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பு. என்னைக் காட்டிக்கொடுத்தாலும் பரவாயில்லை. அப்பா, வேளைக்குச் சோறு சாப்பிடுங்க, திங்கட்கிழமை காலைல பஸ்ஸுக்குப் போகாம டாக்டர்கிட்ட போங்க, இது மேனேஜர் ஆர்டர் என்று, அதே சிரிப்போடு. அவர் முகம் மழிக்கும்போது இனி அது ஓட வேண்டும். அதன் முடிவில், உனக்குக் கஷ்டமாக இருந்தால் வேண்டாம், முடிந்தால் மட்டும், "மத்ததெல்லாம் சித்தி சொல்வாங்க, கேளுங்க" என்று ஒரு வரி சேர்த்துவிடு. அந்த வார்த்தை வாயில் வராவிட்டால் "அவங்க சொல்வாங்க" என்றாலே எனக்குப் போதும்.

இப்படிக்கு,
கடிதத்தின் கீழே ஏதாவது ஒன்றைப் போட்டாக வேண்டுமே என்பதால்,
உன் சித்தி.